"அம்மாவின் செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்த்தேன், டொக்டர்"

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அணையை ஒட்டிய இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து, 43 வயதுப் பெண் ஒருவர் மனநல மருத்துவனான எனக்கு நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

1990-இல், எட்டு வயதில், மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறி ராமேசுவரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாமில் சில நாட்கள், பிறகு இந்த முகாம். திருமணமும் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான். கணவர் பெங்களூரில் பெயிண்ட் வேலை செய்கிறார்; சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். இவர் மாம்பழப் பருவத்தில் கூழ் தயாரிக்கும் ஆலையில் தினக்கூலி. 2003-இல் பிறந்த மகள் பி.காம். முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனி நேர்காணலில் தேறியும், கடைசியில் கேட்ட குடியுரிமைச் சான்றைக் கொடுக்க முடியாமல் இப்போது கைபேசிக் கடையில் பில் போடுகிறாள். தாயும் அண்ணனும் 2012-இல் மன்னாருக்கே திரும்பிவிட்டார்கள். போன வருடம் ஆவணியில் அந்தத் தாய் இறந்துபோனார். "போனால் இங்கே பதிவு போய்விடும், திரும்பி வர ஏலாது. அம்மாவின் செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்த்தேன், டொக்டர். நடுவில் சிக்னல் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறார்.

அன்று முதல் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு. சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது. ஆறு கிலோ எடை குறைந்துவிட்டது. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிடுகிறார். விரும்பிப் பார்த்த சீரியல்கூடப் பிடிக்கவில்லை. வாசல் கூட்டினாலே களைப்பு, காரணமில்லாமல் அழுகை. மகளுக்கு வேலை கிடைக்காததும் தன் தவறே, அம்மா தனியாகச் செத்ததும் தன் தவறே என்ற நினைப்பு. ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த ஆல்பிரசோலாம் மாத்திரை முதலில் ஒன்று போதுமானதாக இருந்தது. இப்போது இரண்டு போட்டாலும் நித்திரை இல்லை. மாமியார் "காத்துக் கறுப்பு" என்று தாயத்துக் கட்டியிருக்கிறார். கணவர், "புது வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள், இன்னும் உனக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்.

இவருடைய கேள்விகள் நான்கு. இது நோயா? மாத்திரை சாப்பிட்டால் குடியுரிமை வந்துவிடுமா? பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் பெயர் பதிந்தால் மகளின் குடியுரிமைக்குக் கேடு வருமா? எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தான் மட்டும் மன்னாருக்குப் போய்விடலாமா?

அன்புச் சகோதரி,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. "சில நாள் விடியாமலே இருந்தால் நல்லது போல இருக்கும்." நான்கு பக்கத்தில் நான் முதலில் எடுத்துக்கொள்வது இந்த வரியைத்தான்.

அந்த ஓரத்து வரி

இந்த எண்ணம் வருவது பாவமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. மூன்று மணி விழிப்பு எப்படியோ அப்படி. ஆனால் மற்ற அறிகுறிகளைப்போல இதைத் தள்ளிப்போட முடியாது. "விடியாமல் இருந்தால் தேவலை" என்பது, "இப்படிச் செய்துகொள்ளலாம்" என்று ஒரு வழியைத் தேட ஆரம்பித்தால், ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை என்று பார்க்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இரவில் தனியாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். இது அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணிலும் மன ஆலோசனை கிடைக்கும். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் என்றால் மாந்தோப்புப் பக்கம் நடந்துபோய்ப் பேசுங்கள்.

இன்னும் மூன்று காரியங்களை இன்றே செய்யுங்கள். அந்த வரியை மகளிடம் காட்டுங்கள். அவளுக்கு 22 வயது; நீங்கள் மறைத்தாலும் பாதி அவளுக்குத் தெரிந்திருக்கும். மாத்திரை அட்டையை அவளிடமே கொடுத்து, அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். மகளுக்கு ஒரு வார்த்தை: அம்மாவிடம் இதைப் பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணம் வளர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்டால் பாரம் குறையும்.

இனி உங்கள் முதல் கேள்வி. தாயை இழந்தவர் அழுவது நோய் அல்ல. துக்கம் அலையலையாக வரும். நடுவில் பேரப்பிள்ளையைக் கண்டால் சிரிப்பு வரும், பசிக்கும், பழைய கதை சொல்லத் தோன்றும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. துக்கத்தில் "அம்மா இல்லையே" என்று இருக்கும். மனச்சோர்வில் "நான் எதற்கும் உதவாதவள்" என்று திரும்பிவிடும். நாங்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்போம். அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். மனவாட்டமோ ஈடுபாடின்மையோ கட்டாயம் அந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எண்ணிப் பார்த்தேன், எட்டு இருக்கின்றன. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்யக் கூடாது. நேரில் பார்க்க வேண்டும், இரத்தமும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும், மாதவிலக்கில் அதிகம் போய் இரத்தம் வற்றினாலும், பி12 குறைந்தாலும் இதே களைப்பும் மந்தமும் வரும். 43 வயதில் இவற்றைப் பார்க்காமல் விடுவது சரியில்லை. கை கால் உளைச்சலை எல்லாம் எலும்பைப் பாதிக்கும் புளோரைடு கலந்த தண்ணீரின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இன்னொன்று. நீங்கள் "ஏலாமல் கிடக்கிறது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தருமபுரியில் பதினெட்டு வருடங்களாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். முதல் சில வருடங்களில் முகாமிலிருந்து வருபவர்கள் இதைச் சொன்னால் உடல் பலவீனம் என்று நினைத்துச் சத்து டானிக் எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தச் சொல்லுக்குள் உடம்பு, மனம், வழியின்மை எல்லாம் இருக்கின்றன என்பது பிறகுதான் புரிந்தது.

எட்டு வயதில் வந்தவளுக்கு எதற்கு இது?

"நான் ஷெல்லடியைப் பெரிதாகப் பார்த்தவள் இல்லை. என் அம்மா இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தும் ஒரு நாள் படுத்ததில்லை. எனக்கு வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது?" என்கிறீர்கள். போரைக் கண்ணால் பார்த்த அளவுக்கு ஏற்றபடிதான் மனம் உடையும் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். பல மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள்.

போரும் சித்திரவதையும் பலரைப் பாதித்தது உண்மை. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் அதைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் புலம்பெயர்ந்தவர்களின் மனநலம் குறித்த 56 ஆய்வறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2005-இல் வெளியானது. ஓடி வந்த பிறகு வாழ்ந்த வாழ்க்கை எவ்வளவு கனமானது என்பதை அது காட்டியது. சொந்தமாக நிலையான வீட்டில் இருந்தவர்களைவிட முகாம் போன்ற இடங்களில் தங்கவைக்கப்பட்டவர்கள் அதிகம் வாடினார்கள். உழைக்கவும் சம்பாதிக்கவும் வழி குறுகியவர்கள் அதிகம் வாடினார்கள். ஊரில் பிரச்சினை தீராமல் தொங்கிக்கொண்டிருந்தவர்கள், பெண்கள், வயது கூடியவர்கள், முன்பு வசதியாக இருந்தவர்கள், அதிகம் படித்தவர்கள் ஆகியோரின் நிலையும் மோசமாகத்தான் இருந்தது. கடைசியாகச் சொன்னது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பி.காம். படித்துவிட்டுப் பில் போடும் உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள், புரியும். அவளையும் கவனியுங்கள்.

இதில் உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். முப்பத்தைந்து வருடம் முகாம். ஆறு நாள் இல்லாத கணவர். பருவத்துக்கு மட்டும் வேலை. கடலின் இரு பக்கமும் பிரிந்த குடும்பம். பிள்ளைகளின் எதிர்காலத்துக்குத் தேதி சொல்ல யாருமில்லை. இவை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நின்றிருந்தீர்கள். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது அதன்மேல் விழுந்தது. உங்கள் அம்மா படுத்ததே இல்லை என்பதைப் பற்றி: பிள்ளையின் கண்ணில் பட்டது அது. மூன்று மணிக்கு அவரும் விழித்திருந்தாரா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உங்கள் கணவரின் கேள்வி அநியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். 2021-இல் அரசு அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் முகாம்களுக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கூடுதல் பணக்கொடை எல்லாம் இடம்பெற்றன. பத்துக்குப் பத்து அறையில் மறைப்புத் துணி கட்டிக் குடித்தனம் நடத்தியவர்களுக்குக் கான்கிரீட் கூரை சின்ன விஷயம் அல்ல. "அகதிகள் முகாம்" என்ற பெயர் "மறுவாழ்வு முகாம்" என்று மாறியதும் நல்லதுதான். ஆனால் கம்பெனி விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற கட்டத்துக்கு நேரே மகள் என்ன எழுதுவாள் என்பதைப் புது வீடு தீர்த்துவிடாது. அவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அந்தக் கேள்வியில் அவ்வளவு எரிச்சல் என்பது என் ஊகம்.

அதே சமயம் "அகதி என்றால் இப்படித்தான் இருக்கும், எங்கள் முகாமில் எல்லோருக்கும் இருக்கிறது" என்ற உங்கள் வரியை மறுக்கிறேன். போரையும் இடப்பெயர்வையும் சந்தித்த, 40 நாடுகளைச் சேர்ந்த 80,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வுகளை 2009-இல் சேர்த்துப் பார்த்தபோது, நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. இடத்துக்கு இடம் இந்த எண் வெகுவாக மாறும். 30 என்பது மிக அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் மீதி 70 பேருக்கு இல்லை. எல்லோருக்கும் இருப்பது விதியாக இருக்கலாம். சிலருக்கு வருவது நோய், அதற்கு வைத்தியம் பார்க்கலாம்.

மாத்திரை சாப்பிட்டால் குடியுரிமை வந்துவிடுமா?

வராது. இந்தக் கேள்வியை நீங்கள் கோபத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று மணிக்கு விழிப்பவர் ஐந்து வரை தூங்குவார், சோறு ருசிக்கும், தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கத் தெம்பு வரும். மாத்திரையால் ஆவது இவ்வளவுதான். சூழ்நிலை மாறாமலே மனச்சோர்வு குணமாவதை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

இப்போது சாப்பிடும் ஆல்பிரசோலாம் மனச்சோர்வுக்கான மருந்தே அல்ல. படபடப்பைச் சில நாள் அடக்கும்; பிறகு உடம்பு பழகி, அளவைக் கூட்டக் கேட்கும். உங்களுக்கு ஆகியிருப்பது அதுதான். இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கமும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் உண்டு. இவற்றுக்கு அடிமையாக மாட்டீர்கள். ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட, ஆகும். முதல் வாரத்தில் குமட்டலோ வயிற்றுப்போக்கோ இருக்கலாம். "சாப்பிட்டேன், கேட்கவில்லை" என்று பத்தாம் நாள் நிறுத்துபவர்கள்தான் அதிகம். முதல் சில வாரங்களில் பதற்றமோ அந்த ஓரத்து வரியின் எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான்.

மருந்தோடு பேச்சு வைத்தியமும் வேண்டும். "மனம் விட்டுக் கதைக்க ஒருத்தரும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நெருக்கடியில் வாழும் மக்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வடிவமைத்த ஒரு முறை உண்டு. பயிற்சி பெற்ற சாதாரணத் தொண்டரே வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகளில் அதை நடத்தலாம். 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் முகாமிலேயே வளர்ந்தவர்கள் தொண்டர்களாக இருக்கிறார்கள். உங்கள் முகாமுக்கு வருபவர்களிடம் மன ஆலோசனை தருபவர் உண்டா என்று விசாரியுங்கள். "நித்திரை" என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

பெயர் பதிவாகிவிடுமே என்ற பயம்

இதில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18-ஆம் பிரிவில், அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறும் உரிமை "ஒவ்வொரு நபருக்கும்" உண்டு என்கிறது. குடிமகன் என்ற சொல் அங்கே இல்லை. 23-ஆம் பிரிவு, உங்கள் நோய், சிகிச்சை பற்றிய விவரங்களை மருத்துவமனை இரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. நீதிமன்ற உத்தரவு, உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. வெளிநோயாளிச் சீட்டு வாங்கியவர்களின் பட்டியல் தாசில்தாருக்கோ, முகாம்களைக் கண்காணிக்கும் காவல்துறையின் கியூ பிரிவுக்கோ போகும் வழக்கம் இல்லை.

குடியுரிமைச் சட்டத்தில் "சித்த சுவாதீனம்" பற்றிய பேச்சு வருகிறது என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். வருவது உண்மைதான். ஆனால் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மேலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைக்கும் மகளின் விண்ணப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மகள் விஷயத்தில் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பதையும் சொல்ல வேண்டும். "அவள் தருமபுரி ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள், அப்போதே நான் பேப்பர் எடுக்காமல் விட்டுவிட்டேன்" என்கிறீர்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்குத்தான் பொதுவாகப் பிறப்பு மட்டுமே போதும். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் தொடக்கம்வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உடையவராக இருக்க வேண்டும். 2003-இல் நீங்கள் எந்த அலுவலகத்துக்கு ஓடியிருந்தாலும் அந்தப் பேப்பர் கிடைத்திருக்காது. இருக்கும் வழிகளைக் கேட்க, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மகளோடு போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நான் மருத்துவன். அதற்குமேல் அவர்களிடம் கேட்பதே நல்லது.

மன்னார்

திரும்பிப் போவது உங்கள் உரிமை. விரும்பித் திரும்பியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் முகமை உதவி வந்திருக்கிறது. ஆனால் இப்போது முடிவெடுக்காதீர்கள். மனச்சோர்வில் எல்லாக் கதவும் மூடியிருப்பதாகவும், தூரத்தில் இருக்கும் ஒன்று மட்டும் திறந்திருப்பதாகவும் தோன்றும். மேலே சொன்ன 2005 ஆய்வில், தப்பி வந்த நாட்டுக்கே திரும்பியவர்களின் மனநலமும் மோசமாகத்தான் இருந்தது. நான்கு மாதம் சிகிச்சைக்குப் பிறகும் போகத் தோன்றினால், அப்போது கணவரோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து, வீடு, நிலம், பிள்ளைகளுக்கான இலங்கைப் பதிவு என்று ஒவ்வொன்றாகப் பேசுங்கள். "நான் மட்டும்" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அந்த ஓரத்து வரியின் இன்னொரு வடிவமாக அது இருந்துவிடக் கூடாது.

உங்களுக்கு இப்போது வேண்டியது மன்னாரைவிட அம்மாவுக்கு ஒரு காரியம் என்று நினைக்கிறேன். அண்ணன் அங்கே ஈமச் சடங்கான அந்தியேட்டியைச் செய்துவிட்டார் என்பதால் இங்கே எதுவும் நடக்கவில்லை என்கிறீர்கள். முதலாண்டுத் திதியான ஆட்டைத் திவசத்தை இங்கே செய்யுங்கள். ஒகேனக்கல்லில் காவிரியில் திதி கொடுக்க இந்தப் பக்கத்துச் சனமெல்லாம் போகிறது; காலையில் போய் மாலையில் முகாமுக்குத் திரும்பிவிடும் தூரம்தான். அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைத்து, அவரைத் தெரிந்த முகாமின் பழைய ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். அழுதால் அழுங்கள். அழ முடியாமல் போன செத்தவீடு ஒன்று உங்களுக்குள் ஒரு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

மாமியார் கட்டிய தாயத்தை அவிழ்க்க வேண்டாம். அதற்காக ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆளிடம் மட்டும் போகாதீர்கள். கணவரிடம் இந்தப் பதிலைக் கொடுங்கள். வாரம் ஒரு நாள் வரும் மனிதர் அந்த ஒரு நாளிலும் பாதியை டாஸ்மாக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் நித்திரை வருகிறதா என்று விசாரியுங்கள்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல வெளிநோயாளிப் பிரிவு காலையில் நடக்கும். முகாமில் ஆள் கணக்கெடுப்பு இல்லாத நாளாகப் பார்த்து மகளோடு போங்கள். ஆல்பிரசோலாம் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். என்ன செய்கிறது என்று கேட்டால் "ஏலாமல் கிடக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாமல், அந்த ஓரத்து வரியையும் சொல்லுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால், அந்தக் கடைசிப் பக்கத்தின் பிரதியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேசையில் வைத்துவிடுங்கள்.